கங்கைச் சிலைக்குக் கீழே பதினொரு மணிக்கு

ரோம் நகரத்துத் தெருக்குழாய்களுக்குத் திருகு கிடையாது. தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, யாரும் சட்டை செய்வதில்லை. கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பை நீக்கிக் குடிக்கிற அபுதாபிப் பாலைவனத்து ருவைஸ்காரர்களான எங்களுக்கு அதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. முதல் நாள் சாயங்காலம் ஓட்டலுக்கு எதிரே இருந்த குழாயைச் சிவபாலன் அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து, பின்பக்கமெல்லாம் தடவிப் பார்த்தார்.

"வால்வை எங்கையப்பா வச்சிருக்கிறாங்கள்?"

"விடுங்கண்ணே. இந்த ஊர்ல தண்ணி ரெண்டாயிரம் வருஷமா இப்படித்தான் ஓடுதாம்."

"அதுக்காண்டி? ஒருத்தனுக்கும் மூட மனம் வரேல்லையோ?"

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம் அது. நாங்கள் ஐந்து பேர். நான், என் மனைவி விஜயா, பத்து வயது மகள் கவிதா. எங்கள் பக்கத்து பிளாட் சிவபாலன் அண்ணன், அவர் மனைவி மகேஸ்வரி அக்கா. அவர்கள் யாழ்ப்பாணம், நாங்கள் கும்பகோணத்துப் பக்கம். அண்ணன் எங்கள் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன், நான் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு சைட்டுக்குள் நுழைந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான், யாருக்கு வெள்ளிக்கிழமை ஓவர்டைம் என்பதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகிற வெட்கக்கேட்டுக்கு அது தேவைப்படும்.

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றுதான் கம்பெனி கேம்ப் முழுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். உண்மையில் போனது மகேஸ்வரி அக்காவின் தம்பி ராசனைப் பார்க்க. தாய் இறந்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவர் அக்காதான். கல்யாணமாகி அவர் கல்ஃபுக்கு வந்தபோது பையன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். ஏழு வருஷமாயிற்று. இடையில் ஊரில் கலவரம், சண்டை. ராசன் எப்படியோ தப்பி, யார் யாரையோ பிடித்து, ரோமில் ஒரு லாண்டரியில் வந்து விழுந்திருந்தான். காகிதம் எதுவும் சரியாக இல்லை, அதனால் அந்த ஊரை விட்டு அவன் நகர முடியாது. அவனுக்கு டெலிபோன் கிடையாது. விலாசம் என்று ஒரு தபால் பெட்டி எண் மட்டும்.

நாங்கள் புதன் வந்து ஞாயிறு போகிறோம் என்று எழுதினோம். அவன் பதில் போட்டான். அந்தக் கடிதத்தை அக்கா எனக்கே மூன்று தரம் வாசித்துக் காட்டியிருக்கிறார். "வாரத்தில ஒரு நாள்தான் அக்கா லீவு. மற்ற நாளில விடிய உள்ளுக்க போனா இருட்டினாப் பிறகுதான் விடுவாங்கள். நான் இருக்கிறது ஊருக்கு வெளியில, ரெண்டு பஸ் பிடிக்க வேணும். லீவு நாளில பதினொரு மணிக்கு, நாலு ஆறு நீரூற்று எண்டு ஒண்டு இருக்கு, அதில கங்கைச் சிலைக்குக் கீழ நிக்கிறன். கட்டாயம் வாங்கோ."

எங்கள் ஓட்டல் எது என்று அப்போது எங்களுக்கே தெரியாது. அதனால் அந்தக் கங்கைச் சிலையைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. நான் உடனே ஆபீஸ் டைப்ரைட்டரில் அட்டவணை அடித்து நாலு காப்பி எடுத்தேன். வியாழன் கொலோசியம். வெள்ளி ராசன். சனி வத்திக்கான். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஓட்டலிலிருந்து விமான நிலையம். சிவபாலன் அண்ணன் அதைப் பார்த்து, "நீர் உண்மையிலேயே டைம்கீப்பர்தான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மகேஸ்வரி அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு எதுவும் நேரத்தோடு நடந்தால் போதாது, நேரத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். அபுதாபி விமான நிலையத்துக்கு எங்களை நாலரை மணி நேரம் முன்னதாகக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். கவுண்டர் திறக்கவே இல்லை. "அக்கா, பிளேன் இன்னும் அந்த ஊர்லேர்ந்தே கிளம்பலையாம்" என்றேன். "பரவாயில்லை தம்பி. நாங்கள் வந்திட்டம் எல்லோ" என்றார். மடியில் ஒரு பெரிய பால்மா டின். உள்ளே பயத்தம்பணியாரம், யாழ்ப்பாணத்துப் பயறுமாவுப் பலகாரம். ராசனுக்கென்று இரண்டு நாள் இருந்து சுட்டது. விமானத்தில் அதைத் தலைக்கு மேலே வைக்கச் சொன்னதற்கு மாட்டேன் என்று, வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

ஓட்டல்காரம்மா மருதாணிச் சிவப்புத் தலைமுடியோடு, தடித்த கண்ணாடி போட்டவர். போனதும் பாஸ்போர்ட் கேட்டார். எல்லாரும் மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டினோம். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் எதற்கு, எப்போது திருப்பித் தருவீர்கள் என்று ஆயிரம் கேள்வி கேட்டார். எங்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை. கல்ஃபில் அதைக் கஃபீல், அதாவது நமக்குப் பொறுப்பான அரபி முதலாளி, வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். பாஸ்போர்ட் நம் கையில் இருந்தால்தானே எங்களுக்கு ஆச்சரியம்! "இவதான் இஞ்சத்தக் கஃபீல்" என்றார் அண்ணன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் மானம் போயிற்று. டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் வாங்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், வாங்கினோம். ஏறின பிறகு பின்னால் இருக்கிற ஒரு மெஷினில் அதை அடித்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பரிசோதகர் ஏறினார். எங்கள் டிக்கெட்டுகளை வாங்கி, கோடு கூட விழாமல் பளபளவென்று இருப்பதைப் பார்த்து, கையை விரித்துப் பெரிய பிரசங்கம் செய்தார். அப்போது காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எழுந்து அவரை ஒரு பிடி பிடித்தாள். ஒருத்தர் ஆங்கிலத்தில் சொன்னார்: "வெளியூர்ப் பிள்ளைகளை மிரட்டுகிறாயே, உன் அம்மாவை எனக்குத் தெரியும் என்கிறாள்." பரிசோதகர் டிக்கெட்டுகளைத் தானே மெஷினில் அடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். நம் ஊர் டவுன் பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

கொலோசியத்தைப் பார்த்து வாயடைத்துத்தான் போனேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அண்ணன் அதை அடி வைத்து அளக்க ஆரம்பித்துவிட்டார். "இஞ்ச பாரும், லெவல் எப்பிடி வச்சிருக்கிறாங்கள்" என்று ஒவ்வொரு வளைவாகக் காட்டினார். விஜயா, "எல்லாம் இடிஞ்சு கிடக்கு. எங்க சைட்டா இருந்தா ஒரே வாரத்துல யல்லா யல்லான்னு வாரிக் கொட்டியிருப்பாங்க" என்றாள். மகேஸ்வரி அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நாளைக்கு எந்தச் சேலை கட்டுவது என்று என் மனைவியிடம் கேட்டார். அன்று சாப்பாட்டுக்கு ஒரு கடையில் எண்ணெயில் பொரித்த சோற்று உருண்டை கிடைத்தது. கையோடு கொண்டுவந்திருந்த ஊறுகாய் பாட்டிலைத் திறந்தோம். கடைக்காரன் ஒரு சொட்டுத் தொட்டு நக்கிவிட்டுக் குழாய்க்கு ஓடினான்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே அக்கா எங்கள் கதவைத் தட்டிவிட்டார். "வெளிக்கிடுங்கோ, வெளிக்கிடுங்கோ." பதினொரு மணிச் சந்திப்புக்கு எட்டு மணிக்கு நாங்கள் அந்தச் சதுக்கத்தில் நின்றோம். மாம்பழ நிறச் சேலை, நெற்றியில் திருநீறு, கையில் டின். வெள்ளிக்கிழமை விரதம் என்று பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்திருந்தார்.

கங்கை அங்கே பெண் இல்லை. தாடி வைத்த ஒரு ஆம்பிளை, கையில் துடுப்போடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். "அப்பா, கங்கா ஈஸ் எ லேடி, நோ?" என்று கவிதா கேட்டாள். "இங்க மாத்திட்டாங்க போல" என்றேன். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழட்டு ஓவியரிடம் நாலு தரம் கேட்டு, அதுதான் கங்கை என்று அக்கா உறுதி செய்துகொண்டார்.

நான் இடையில் போய் ஒரு பேங்கில் டாலர் மாற்றி வந்தேன். கோட்டும் டையுமாக எல்லாரும் ஆபீசுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். பாவம், வெள்ளிக்கிழமை கூட வேலை என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கறுப்பாக ஒல்லியாக எவன் வந்தாலும் அக்கா பாதி எழுந்தார், பிறகு உட்கார்ந்தார். சுற்றிலும் காப்பிக்கடைகள், நாற்காலிகள். நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை, நின்று குடித்தால் பாதி விலை என்று எழுதிப் போட்டிருந்தான். "நிண்டே குடிப்பம். இருக்கிறதுக்குக் காசு குடுக்க நாங்கள் என்ன ஷேக்கோ?" என்று அண்ணன் எங்களைக் கூட்டிப்போய் நிற்க வைத்துக் குடிக்க வைத்தார். அக்கா வரவில்லை. ஓவியர் கவிதாவைச் சும்மாவே வரைந்து கொடுத்தார். "ரோமில் எல்லாரும் தாமதம்தான் அம்மா, வருவான்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் அக்காவுக்கு ஆறுதல் சொன்னார்.

மூன்று மணிக்கு அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, பொலிஸ் பிடிச்சிருப்பாங்களோ?" எனக்கும் அதே பயம். இருக்காதுண்ணே என்று மட்டும் சொன்னேன்.

ஐந்து மணிக்கு அக்கா எழுந்தார். கால் மரத்து, விஜயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டலுக்கு வந்ததும் டின்னைத் திறந்து, "இந்தாங்கோ, சாப்பிடுங்கோ. எல்லாத்தையும் சாப்பிட்டு முடியுங்கோ" என்று எங்கள் கையில் அள்ளி அள்ளிக் கொடுத்தார். மீதியை ஓட்டல்காரம்மாவுக்கும் ஜெர்மன்காரருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். வேண்டாம் அக்கா, வையுங்கள் என்று விஜயா கெஞ்சினாள். "ஆருக்கு வைக்கிறது?" என்றார்.

சனிக்கிழமை வத்திக்கான் போனோம். உலகமே அண்ணாந்து பார்க்கிற ஓவியக் கூரைக்குக் கீழே அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து மறுபடி கங்கைச் சிலைக்குப் போய் இரண்டு மணி நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தோம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டலுக்குத் திரும்பினால், ஓட்டல்காரம்மா எங்கள் பாஸ்போர்ட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் நான் இருக்க மாட்டேன். மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ரோமில் யாருக்கும் வேலை கிடையாது."

சொல்லிவிட்டு அவர் பில் எழுதக் குனிந்தார். நான் பையிலிருந்த அட்டவணையை எடுத்துப் பார்த்தேன்: வெள்ளி ராசன். ஊரில் ஞாயிற்றுக்கிழமை லீவு பார்த்து வளர்ந்தவன்தான் நான். எட்டே வருஷம் கல்ஃபில் வேலை பார்த்ததில் லீவு என்றால் வெள்ளி என்று மண்டைக்குள் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது. ராசன் கிழமையே எழுதவில்லை. அவனுக்கு எழுதத் தோன்றவில்லை, எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. நாலு காப்பி எடுத்த டைம்கீப்பர் நான், எனக்கும் தோன்றவில்லை.

அக்காவைப் பார்த்தேன். அவருக்கும் விளங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, என்னை நாலு அறை அறைஞ்சிடுங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உம்மை ஏன் அறைய வேணும்? நான் அந்தக் கடிதத்தை நூறு தரம் வாசிச்சனான்." பிறகு அவரே சொன்னார்: "பொலிஸ் பிடிக்கேல்லை. அவன் நல்லா இருக்கிறான். அது போதும்."

போதாது என்பது எல்லாருக்கும் தெரியும். ராசன் பதினொரு மணிக்கு வருவான். நாங்கள் ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும். விசா ஞாயிறோடு சரி, டிக்கெட்டை மாற்ற முடியாது. அண்ணன், "நீ மட்டும் நில்லன்" என்று ஆரம்பித்துவிட்டுத் தானே நிறுத்திக்கொண்டார். கடைசியில் அக்காதான் வழி சொன்னார். விடிந்ததும் சதுக்கத்துக்குப் போவது. ஒரு கடிதமும் அவனுக்கு வாங்கி வந்த இரண்டு சட்டையும் அந்த ஓவியரிடம் கொடுத்து, பதினொரு மணிக்குக் கங்கைக்குக் கீழே வந்து நிற்கிற பையனிடம் கொடுக்கச் சொல்வது. கழுவாமல் கிடந்த பால்மா டின்னிலேயே ஒரு பேப்பரை விரித்துச் சட்டைகளை மடித்து வைத்தார், மேலே கடிதம்.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்குப் போனோம். சதுக்கம் காலியாகக் கிடந்தது. ஒருவன் தண்ணீர் அடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். ஓவியர் வரவில்லை. முக்காலி இருக்கிற இடம் வெறுமையாக இருந்தது. நாங்கள் நீரூற்றைச் சுற்றிக் கங்கைப் பக்கம் வந்தோம்.

கங்கைக்குக் கீழே, பெரிய அளவு கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, முழங்காலைக் கட்டி ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். தலைமுடியை நனைத்துப் படிய வாரியிருந்தான். எங்கள் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்தான்.

அக்கா ஓடவில்லை. அங்கேயே நின்றுவிட்டார்.

"எத்தினை மணிக்கடா வந்தனீ?"

"அஞ்சரைக்கு அக்கா. முதல் பஸ்ஸில."

"பதினொண்டு எண்டெல்லோ எழுதினனீ!"

"பதினொண்டு எண்டு எழுதினா நீங்கள் எட்டுக்கே வந்து நிப்பியள் எண்டு எனக்குத் தெரியாதே? நீங்கள் வந்து நிக்கேக்க நான் இல்லாட்டி..."

அக்கா போய் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அப்புறம் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். தரை கழுவினவன் குழாயைக் கீழே போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். விஜயா தேம்பினாள். நான் ஏன் மறைக்க வேண்டும், நானும்தான்.

வெள்ளிக்கிழமைக் கதையை அவனிடம் எடுக்க வேண்டாம் என்று அக்கா கண்ணால் சொன்னார். ஆனால் கவிதா, "அங்கிள், வீ கேம் ஆன் ஃப்ரைடே ஆல்ஸோ. ஹோல் டே!" என்று போட்டு உடைத்துவிட்டாள். ராசன் முழித்தான். "வெள்ளிக்கிழமையோ? ஏன்?" பிறகு அவனுக்கே பிடிபட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். அக்காவும் சிரித்தார். அழுத கண்ணோடு எல்லாரும் சிரித்தோம்.

டின்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "பணியாரமோ?" என்று மூடியைத் திறந்தான். சட்டைதான் இருந்தது.

"கோவத்தில எல்லாருக்கும் குடுத்திட்டனடா ராசன்" என்றார் அக்கா. அவர் குரல் எனக்குத் தாங்கவில்லை.

அவன் சட்டைகளை எடுத்து என்னிடம் கொடுத்தான். பேப்பரைத் தூக்கினான். டின்னின் அடியில் விரலை விட்டுச் சுற்றி ஒட்டியிருந்த மாவை வழித்தான், வாயில் வைத்தான். லாண்டரித் தண்ணீரில் வெளிறிப் போன, நுனி சுருங்கின விரல். "அதே பதம் அக்கா" என்றான். அந்தக் கையை அக்கா பிடித்தவர்தான், அப்புறம் விடவில்லை.

காப்பிக்கடை திறந்தது. நாங்கள் வழக்கம்போல நிற்கப் போனோம். "இருங்கோ. எல்லாரும் இருந்து குடிப்பம்" என்றார் சிவபாலன் அண்ணன், முதல் நாற்காலியை ராசனுக்கு இழுத்துப் போட்டபடி. அக்காவும் தம்பியும் கதைத்தார்கள். யார் கல்யாணம் கட்டினார்கள், யார் எந்த நாட்டுக்குப் போனார்கள், யாரைப் பற்றித் தகவல் இல்லை, வீட்டுக் கிணற்றடி மாதுளை நிற்கிறதா. எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று. மணி பார்ப்பதுதான் என் பிழைப்பு, என் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது.

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நேரம் என்ன?"

"இன்னும் நெறைய இருக்கு அக்கா. பேசுங்க" என்றேன்.

அண்ணன் தன் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டைக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு இன்னொரு காப்பி கேட்டார்.

விமான நிலையத்துக்கு ராசன் வர முடியாது, காகிதம் கேட்பார்கள். அந்தக் கங்கைச் சிலைக்குக் கீழேயே டின்னை அணைத்துக்கொண்டு நின்றான். நாங்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அக்கா பின்பக்கமாகவே நடந்தார், விஜயா அவரை இடுப்பில் பிடித்துக்கொண்டாள். ஓட்டல் வண்டி எங்களுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் டாக்சி பிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. பெட்டிகளை இழுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் மூச்சு வாங்க ஓடி, மூடப் போகிற கவுண்டரில் போய் விழுந்தோம்.

"நீங்கள்தான் கடைசி. இவ்வளவு தாமதமாகவா வருவது?" என்று சீருடைப் பெண் சிடுசிடுத்தாள்.

"ஓம் பிள்ளை, நேரம் போயிட்டுது" என்று தமிழிலேயே சொன்னார் மகேஸ்வரி அக்கா. முகமெல்லாம் சிரிப்பு.